ஸ்டட்டுக்குள் முறிந்த ஈஸி அவுட்: ஹெட்டை மாற்றத்தான் வேண்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கார் அவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்). குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம். இடையில் அடைக்கும் கேஸ்கெட் ஊதுகிறது என்று சரியாகவே கண்டுபிடித்து, தானே மாற்றித் தருவதாகச் சொல்லி வேலையில் இறங்கியிருக்கிறார். நட்டைக் கழற்றும்போது கடைசி சிலிண்டர் ஓரத்திலிருந்த எம்8 ஸ்டட் (மேனிஃபோல்டைப் பிடிக்கும், தலையில்லாத 8 மில்லிமீட்டர் மரைத் தண்டு) ஹெட்டின் முகத்தோடு முறிந்துவிட்டது. கை டிரில்லில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவியான ஈஸி அவுட்டை இறக்கித் திருகியிருக்கிறார். அதுவும் உள்ளேயே முறிந்தது. கோபால்ட் பிட் வாங்கி வந்து ஓட்டினால், பிட் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் தோண்டிவிட்டது.

பிறகு கேட்ட ஆலோசனைகள் மூன்று. ஒரு மெக்கானிக், "ஹெட்டையே மாற்ற வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "வெல்டிங் வைத்து எடுத்துப் பார்க்கலாம்" என்கிறார். நண்பர், "ஆசிட் ஊற்றினால் இரும்பு கரைந்துவிடும்" என்கிறார். உள்ளே முறிந்திருப்பது ஈஸி அவுட் என்பதை இரண்டாவது மெக்கானிக்கிடம் அவர் சொல்லவில்லை. வெட்கமாக இருந்ததாம். அத்தானிடமும் இன்னும் முழுக் கதையைச் சொல்லவில்லை. ஹெட் போய்விட்டதா, எந்த வழி நல்லது, அதுவரை வண்டியை ஓட்டலாமா, தான் முரட்டுத்தனமாகத் திருகியதால்தான் இவ்வளவும் வந்ததா என்பவை அவர் கேள்விகள்.

உங்கள் ஹெட் போகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதைத் தயங்காமல் சொல்ல முடியும். ஒரு மேனிஃபோல்டு ஸ்டட் துளை கெட்டதற்காக ஹெட்டைத் தூக்கிப்போட வேண்டிய நிலை அரிது. துளையின் சுவர் உடைந்து தண்ணீர் ஜாக்கெட் (ஹெட்டுக்குள் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை) வரை விரிசல் போயிருந்தால், அல்லது எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் ஓட்டை விழுந்திருந்தால் பேச்சு வேறு. அப்போதும்கூடப் பலவற்றை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, மறுபடி துளைத்து மரை அடிக்க முடிகிறது. உங்களுடைய பிறைப் பள்ளம் அந்த அளவுக்குப் போகவில்லை.

ஆனால் நீங்கள் அஞ்ச வேண்டியது இனி நடக்கப்போவதைப் பற்றி. இன்ஜின் ரீகண்டிஷனிங் பட்டறையில் என் மேசைக்கு வரும் இத்தகைய ஹெட்டுகளில், முதலில் முறிந்த ஸ்டட் செய்த சேதம் குறைவாகவே இருக்கும். அதை எடுக்கப் போனவர்கள் செய்த சேதம்தான் அதிகம். ஸ்டட்டை ஈஸி அவுட்டும், ஈஸி அவுட்டை டிரில்லும், டிரில் போட்ட கோணல் துளையை இன்னும் பெரிய டிரில்லும் துரத்திக்கொண்டே போயிருக்கும். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது பலிக்காமல் போனால் அடுத்த வழிக்கு இடம் மிச்சமிருக்குமா? கீழே எல்லா வழிகளையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

ஏன் முறிந்தது

உங்கள் கை முரடு என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. ஈஸி அவுட் என்ற பெயரே ஆளை ஏமாற்றும். அது கூம்பு வடிவக் கருவி. இடது பக்கம் சுற்றச் சுற்ற உள்ளே இறுகும். இறுகும்போது துளையின் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். உங்கள் எம்8 ஸ்டட்டில் மரையின் அடிப்பகுதி விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் துளை போட்டால், துளை நட்டநடுவில் விழுந்திருந்தால்கூட மிஞ்சும் சுவர் முக்கால் மில்லிமீட்டர்தான். அந்த மெல்லிய சுவருக்குள் கூம்பை இறுக்கினால், சுவர் விரிந்து ஹெட்டின் மரையை முன்னிலும் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும்.

கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒரு தண்டு தாங்கும் முறுக்கு விசை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வெட்டுகளை விட்டுவிட்டு உங்கள் ஈஸி அவுட்டின் மையத் தண்டை 4 மில்லிமீட்டர் என்று வைப்போம். 6.5 மில்லிமீட்டர் தண்டோடு ஒப்பிட்டால், ஒரே எஃகாக இருந்தாலும் அது தாங்குவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவி எஃகு ஸ்டட்டைவிட வலுவானது என்பதால் அந்த இடைவெளி ஓரளவு குறையும், ஆனால் மறையாது. முழு ஸ்டட்டே திருகுவதைத் தாங்காமல் முறிந்த இடத்தில், அதைவிடப் பலவீனமான ஒன்றை விட்டுத் திருகினோம் என்பதுதான் நடந்தது.

அதற்காக ஈஸி அவுட்டே தப்பான கருவி என்று சொல்ல வரவில்லை. அதிகமாக முறுக்கித் தலை தெறித்த போல்ட்டில், அடியில் நிற்கும் துண்டு பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். அங்கே அது அழகாக வேலை செய்யும். துரு பிடித்து இறுகிய துண்டுக்கு அது பொருந்தாது. அலுமினியத்துக்குள் நிற்கும் இரும்பு வெறுமனே துருப்பிடிப்பதோடு நிற்பதில்லை. இரண்டு வேறு உலோகங்களும் ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு நடக்கும். அதில் உண்டாகும் அலுமினிய ஆக்சைடு மரைகளின் இடுக்கை நிரப்பிச் சிமெண்ட் போல இறுகிவிடும்.

ஸ்டட் முதலில் ஏன் முறிந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். மேனிஃபோல்டில் பெரும்பாலும் முறிவது ஓரத்து ஸ்டட்தான், அதற்குக் காரணம் உண்டு. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூடாகும். அதைத் தாங்கும் ஹெட் நூறு டிகிரிக்குச் சற்று மேலே கீழே நிற்கும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பு 500 டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். ஹெட்டோடு ஒட்டிய ஃபிளாஞ்ச் (மேனிஃபோல்டின் தட்டையான விளிம்பு) அவ்வளவு சூடாகாது என்று பாதியாகக் கழித்தாலும், அந்த இழுபறி முழுவதும் போய்ச் சேருவது இரண்டு ஓரங்களில்தான். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒருமுறை அந்த ஸ்டட் வளைந்து நிமிர்கிறது. நீங்கள் ஸ்பேனரை வைக்கும் முன்பே அதில் விரிசல் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்தும் மிச்சம் பளிச்சென்றும் இருந்தால் அது பழைய விரிசல்.

இனிமேல் செய்யக்கூடாதவை

கோபால்ட் பிட்டை எடுத்து வைத்துவிடுங்கள். கடினமான போல்ட்டுக்கும் ஸ்டெயின்லெஸ் எஃகுக்கும் அது நல்ல பிட். ஆனால் ஈஸி அவுட்டும், மரை வெட்டும் டேப்பும் கடினப்படுத்திய கருவி எஃகு. அவற்றை வெட்ட நடைமுறையில் கார்பைடோ வைரமோதான் வேண்டும். டிரில் எப்போதும் மிருதுவான பக்கம்தான் ஓடும். உங்கள் விஷயத்தில் மிருதுவான பக்கம் என்பது ஹெட். அந்தப் பிறைப் பள்ளத்துக்கு உங்கள் கை நடுக்கம் காரணமில்லை. எந்தக் கை பிடித்திருந்தாலும் பிட் அங்கேதான் போயிருக்கும்.

ஈஸி அவுட்டைச் சிவக்கக் காய்ச்சி மிருதுவாக்கிவிட்டுத் துளைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். இரும்பு ஹெட்டில் அது யோசிக்கத்தக்க யோசனை. அலுமினியத்தில் நடக்காது. கருவி எஃகை மிருதுவாக்க எழுநூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும், ஹெட் வார்க்கும் கலவைகள் 600க்குக் கீழேயே உருகத் தொடங்கும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிப்பதும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிடும்.

நண்பரின் ஆசிட் யோசனையில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. படிகாரக் கரைசலைச் சூடாக்கி அதில் ஊறவைத்தால் எஃகு மெல்லக் கரையும்; பித்தளையும் அலுமினியமும் பெரிதாகப் பாதிக்கப்படாது. கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் முறிந்த சின்ன ஸ்குருவை இப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் உங்கள் ஹெட்டில் வால்வு சீட், வால்வு கைடு, மற்ற ஸ்டட்டுகள் எல்லாம் இருக்கின்றன. கரைசலுக்கு எந்த இரும்பைத் தின்ன வேண்டும் என்று தெரியாது. அதோடு, மாட்டியிருக்கும் ஹெட்டில் பக்கவாட்டில் இருக்கும் துளைக்குள் சூடான கரைசலை எப்படி நிறுத்துவது? நண்பர் மனத்தில் இருப்பது கழிவறை கழுவும் ஆசிட் என்றால் இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்புக்கு முன்னால் அலுமினியத்தைத் தின்னும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். நைட்ரிக் அமிலம் பற்றிக் கேள்விப்பட்டாலும் கிட்டப் போகாதீர்கள்; அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

சுத்தியலும் பஞ்ச் என்ற எஃகுக் கோலும் வைத்துத் தட்டி நொறுக்கும் வழியும் உண்டு. டேப்போ ஈஸி அவுட்டோ கண்ணாடிபோல் தெறிக்கும் தன்மை கொண்டது என்பதால் இது சில சமயம் பலிக்கும். பின்பக்கம் கனமான உலோகம் இருக்கும் துளையில் நான் செய்வதுண்டு. மேனிஃபோல்டு பக்கத் துளைகளுக்குப் பின்னால் மெல்லிய தண்ணீர் ஜாக்கெட் சுவர் இருக்கலாம். வேண்டாம்.

எடுக்கும் வழிகள், நான் செய்யும் வரிசையில்

*முதலில் வெல்டிங்.* இரண்டாவது மெக்கானிக் சொன்னது நல்ல யோசனை, ஒரு நிபந்தனையோடு: முறிந்த முகம் ஹெட்டின் முகத்தோடு சமமாகவோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயோ இருக்க வேண்டும். சிஓ2 வெல்டிங்கிலோ ஆர்கானிலோ நடுவில் சொட்டு வைத்து மெல்ல மேலே கட்டிக்கொண்டு வந்து, ஹெட்டின் முகத்தைத் தாண்டியதும் ஒரு வாஷரை வைத்து ஒட்டி, அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே நிரப்ப வேண்டும். எஃகுக் கம்பியின் வெல்டிங் அலுமினியத்தோடு கலந்து ஒட்டாது என்பது இங்கே நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. ஈஸி அவுட், அதைச் சுற்றியிருக்கும் ஸ்டட்டின் சுவர் இரண்டையும் ஒரே கட்டியாக இணைப்பதுதான் நோக்கம். ஈஸி அவுட்டை மட்டும் பிடித்துத் திருகினால் அது மறுபடி சுவரைத் தள்ளத்தான் செய்யும்.

வெல்டிங்கில் ஒட்டுவதைவிட முக்கியம் சூடு. ஸ்டட் மட்டும் சட்டென்று சூடாகி விரியும், சுற்றியிருக்கும் ஹெட் அதற்கு இடம் கொடுக்காது. அதனால் ஸ்டட் நசுங்கி, ஆறும்போது முன்னிலும் சற்றுச் சுருங்கும். துரு சிமெண்ட் அப்போதுதான் உடையும். அதனால் சிவப்பு மறைந்த உடனே திருகாமல், ஓரளவு ஆறவிட்டு, அந்தச் சூட்டில் மெழுகோ துரு இளக்கும் எண்ணெயோ ஒரு சொட்டு விட்டு, கழற்றும் பக்கமும் இறுக்கும் பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். நட் பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம், புது நட் வைத்து மீண்டும் செய்யலாம். கருவி எஃகில் கார்பன் அதிகம் என்பதால் ஒட்டிய இடம் நொறுங்கும் தன்மையோடு இருக்கும், பிய்வது சகஜம். ஒவ்வொரு முறையும் சூடு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். பலிக்காவிட்டாலும் துளை கெடவில்லை, அடுத்த வழி திறந்தே இருக்கிறது. இதை முதலில் வைக்கக் காரணம் அதுதான்.

ஹெட் முழுவதையும் நூறு டிகிரி அளவுக்கு மெல்லச் சூடேற்றுவதும் உதவும். அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், 8 மில்லிமீட்டர் துளையில் 0.01 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி கிடைக்கும். அற்பமாகத் தோன்றும், இறுகிய மரைக்கு அது அற்பமில்லை.

இரண்டு எச்சரிக்கைகளை மறக்காதீர்கள். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த் கிளாம்ப்பை ஹெட்டிலேயே, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். இன்ஜின் கம்ப்யூட்டர் வழியாகக் கரண்ட் சுற்றிப்போனால் வேறொரு செலவு. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. துளையைச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் அடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதன் ஈரம் மிச்சமிருக்கும் இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், வெல்டரிடம் சொல்லுங்கள். மற்ற வகைக் கிளீனர்கள் தீப்பிடிக்கும். எப்படியானாலும் நன்றாகக் காய்ந்த பிறகே சூடு.

*கார்பைடு.* கெட்டியான கார்பைடு பர்ரை (சுழன்று அரைக்கும் சிறு வெட்டு முனை) டை கிரைண்டர் என்ற கை மெஷினில் மாட்டி ஈஸி அவுட்டின் நடுவை அரைத்து எடுக்கலாம். உங்கள் கைக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடைசி சிலிண்டர் பக்கம் பெரும்பாலும் கை நுழையவே இடம் இருக்காது. பர் நழுவி அலுமினியத்தைத் தொட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கிவிடும். கார்பைடே உள்ளே முறிந்தால், இப்போதிருப்பதைவிடக் கடினமான துண்டு ஒன்று சேர்ந்துகொள்ளும். ஹெட்டைக் கழற்றி மில்லிங் மெஷினில் அசையாமல் கட்டி, கார்பைடு எண்ட் மில் வைத்து எடுப்பது வேறு விஷயம். அது நம்பகமான வேலை. யார் செய்தாலும் கண்ணாடி அணிய வேண்டும். தெறிப்பது ஊசி.

*ஸ்பார்க் எரோஷன்.* வெல்டிங் பலிக்காவிட்டால் நேராக இதற்குப் போய்விடுங்கள். துளையைவிடச் சற்றுச் சிறிய செம்பு அல்லது பித்தளை அல்லது கிராஃபைட் எலக்ட்ரோடை, திரவம் பாயும் நிலையில், முறிந்த துண்டின் பக்கத்தில் தொடாமல் நிறுத்தி, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் தீப்பொறிகளைப் பாயவிடும் முறை. ஒவ்வொரு பொறியும் துளியளவு உலோகத்தை உருக்கி எடுக்கும். துண்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் கவலையில்லை, மின்சாரம் கடத்தினால் போதும். தள்ளும் விசையும் இல்லை, ஆகவே எலக்ட்ரோடு வழுக்கி ஓடாது. ஈஸி அவுட்டின் மையம் போனதும் மிச்சம் உதிரும்; ஸ்டட்டின் சுவரை மரையிலிருந்து உரித்து எடுத்துவிடலாம். நல்ல கை பிடித்தால் பழைய மரையே தப்பிவிடுவதும் உண்டு.

இந்த மெஷின் உருவானதே ஏறத்தாழ உங்கள் பிரச்சினைக்காகத்தான். 1940களில் அமெரிக்காவில் ஹெரால்டு ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் ஆகியோர் அலுமினிய வார்ப்புகளில் முறிந்து நின்ற டேப்புகளையும் டிரில்களையும் எடுக்கவே இதை உருவாக்கினார்கள். 1943 வாக்கில் சோவியத் நாட்டில் லாசரென்கோ தம்பதியர், மின் தொடுமுனைகள் தீப்பொறியால் அரிபடுவதைத் தடுக்க வழி தேடி, கடைசியில் அந்த அரிப்பையே உலோகம் வெட்டும் முறையாக மாற்றினார்கள்.

வண்டிக்கே கொண்டுவரக்கூடிய சிறிய மெஷின்களும் உண்டு. அவற்றில் சில காந்த அடித்தளத்தில் நிற்பவை. அலுமினிய ஹெட்டில் காந்தம் பிடிக்காது, தனியாக ஒரு தாங்கி கட்ட வேண்டும். ஆகவே உங்கள் விஷயத்தில் ஹெட்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதே பெரும்பாலும் நடக்கும். அதற்குரிய செலவையும் கணக்கில் வையுங்கள்: ஹெட் கேஸ்கெட், டைமிங் வேலை, பல இன்ஜின்களில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஹெட் போல்ட்டுகள், முகம் சமமாக இருக்கிறதா என்ற சோதனை. புது ஹெட் வாங்கினாலும் இந்தச் செலவு எல்லாம் அப்படியே உண்டு; ஹெட்டின் விலை அதற்கு மேல். முதல் மெக்கானிக்கின் யோசனையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

துளையைச் சரிசெய்வது

துண்டு வெளியே வந்ததும் பள்ளத்தை அளக்க வேண்டும். மரையின் பெரும்பகுதி நன்றாக இருந்து, பள்ளம் துளையின் வாயில் மட்டும் இருந்தால், டேப் ஒருமுறை விட்டுச் சுத்தம் செய்து விட்டுவிடலாம். கேஸ்கெட் அடைக்கும் பட்டை அங்கே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மரை தின்னப்பட்டிருந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் மரை. எம்8க்கு 8.3 மில்லிமீட்டர் அளவில் துளைத்து, அதற்குரிய தனி டேப்பால் மரை அடித்து, கம்பிச் சுருளை இறக்குவார்கள். "ஹெலிகாயில் என்றால் ஒட்டுப்போட்ட வேலைதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அலுமினியத்தில் அது பெரிய விட்டத்தில் பிடிப்பதால், ஒழுங்காகப் போட்டால் பழைய மரையைவிட வலுவாக நிற்கும். புதிதாகத் தயாராகும்போதே இதைப் போட்டு அனுப்பும் அலுமினியப் பாகங்களும் உண்டு. பள்ளம் பக்கவாட்டில் அதிகம் போயிருந்தால் சுவர் கெட்டியான புஷ் (குழல்) வகை, அதற்கும் மிஞ்சினால் ஆர்கானில் நிரப்பி மறுபடி துளைப்பது.

எதுவானாலும் கை டிரில்லில் கண்ணளவில் துளைக்க விடாதீர்கள். மேனிஃபோல்டின் துளைக்குள் சரியாக உட்காரும்படி லேத்தில் ஒரு எஃகு புஷ் கடைந்து, மேனிஃபோல்டையோ ஒரு தகட்டையோ பக்கத்து ஸ்டட்டுகளில் மாட்டி, அந்த புஷ் வழியாகத் துளைத்தால் மையம் தப்பாது. சின்ன வேலை, முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஓரத்துத் துளை மேனிஃபோல்டில் சற்று நீள்வட்டமாக இருந்தால், விரிவதற்காக வேண்டுமென்றே விட்ட இடம் அது. புஷ்ஷை அதன் நடுவில் வையுங்கள். துளைக்கும்போது ஆழத்தைப் பிட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடி தாண்டினால் தண்ணீர். ஹெட் வண்டியிலேயே இருந்தால் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைச் சுற்றி வைத்து, போர்ட்டைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

மேனிஃபோல்டின் முகத்தில் நேர்கோல் வைத்துப் பார்க்காமல் மாட்ட வேண்டாம். வளைந்திருந்தால் அதைச் சமன் செய்யாமல் போடும் எந்த ஸ்டட்டும் பழைய ஸ்டட்டின் வழியில்தான் போகும். ஹெட் மேசையில் இருக்கும்போதே மற்ற ஸ்டட்டுகளையும் மாற்றிவிடுங்கள், அவையும் அதே வயதுதான். மரையில், இறுகிப் பிடிக்காமல் காக்கும் நிக்கல் கலந்த ஆன்டி சீஸ் பசை கொஞ்சம் தடவலாம். அது உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்கென்று சொன்ன டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவை அப்படியே வைத்தால் அதிகமாக இறுகிவிடும். கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

பட்டறையிலும் வீட்டிலும்

வெல்டிங் வைக்கச் சொன்ன மெக்கானிக்கிடம் இன்றே உண்மையைச் சொல்லுங்கள். வெறும் ஸ்டட் என்று நினைத்து அவர் சாதாரண டிரில்லை வைத்தால், உங்கள் பிட் போன அதே திசையில் அவருடையதும் போகும். எங்கள் தொழிலில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள், எல்லாப் பட்டறையிலும் ஒரு டப்பா நிறைய முறிந்த ஈஸி அவுட் கிடக்கும். முறிந்த கருவியின் மிச்சத் துண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே எவ்வளவு நீளம் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் கணிக்க முடியும்.

வேலையைக் கொடுக்கும் முன் துளையை, பக்கத்தில் அளவுகோல் வைத்து, பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். முதலில் எந்த வழி, பலிக்காவிட்டால் எந்த வழி, எந்தக் கட்டத்தில் உங்களைக் கேட்காமல் தொடரக்கூடாது, துளை மேலும் கெட்டால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே கைவைத்த வேலைக்கு முழு உத்தரவாதம் தர எந்தப் பட்டறையும் தயங்கும், அது நியாயமே. ஆனால் "முயன்று பார்க்கிறேன்" என்பதற்கும் "என்ன ஆனாலும் நீங்கள்தான்" என்பதற்கும் இடையில் பேசி முடிக்க நிறைய இடம் இருக்கிறது. யாராவது ஹெட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றால், விரிசலை அழுத்தச் சோதனையில் காட்டச் சொல்லுங்கள், பழைய ஹெட்டைத் திருப்பிக் கேளுங்கள்.

அத்தானிடம் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி அவருடையது, ஹெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையது. ஸ்டட் நீங்கள் தொடும் முன்பே விரிசல் கண்டிருக்கலாம் என்பதைச் சொல்லுங்கள், ஈஸி அவுட்டும் பள்ளமும் உங்கள் கைவேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதுவரை ஓட்டலாமா

பட்டறைக்குக் கொண்டுபோக மட்டும், ஜன்னலைத் திறந்துவைத்து, குறைந்த தூரம். முடிந்தால் இழுத்துப் போவதே மேல். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. ஊதும் இடத்திலிருந்து கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி காற்றை இழுக்கும் வழி இன்ஜினுக்குப் பக்கத்தில்தான். சூடான வாயு பக்கத்து வயர்களையும் பிளாஸ்டிக்கையும் பொசுக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். ஒரு ஸ்டட்டின் சுமை பக்கத்து ஸ்டட்டில் விழுந்து அதுவும் முறியலாம்.

சில இன்ஜின்களுக்கு, முறிந்த ஸ்டட்டைத் தொடாமல், ஹெட்டின் ஓரத்தில் இருக்கும் வேறொரு மரைத் துளையைப் பிடித்து மேனிஃபோல்டின் காதை அழுத்தும் கிளாம்ப் கிடைக்கிறது. உங்கள் இன்ஜினுக்கு உண்டா என்று உதிரிபாகக் கடையில் இன்ஜின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இருந்தால், ஹெட்டைக் கழற்ற அத்தான் நேரம் ஒதுக்கும் வரை வண்டி ஒழுங்காக ஓடும். மாட்டிய பிறகு குளிர்ந்த ஸ்டார்ட்டில் அந்த 'டிக் டிக்' சத்தம் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.